வெட்டி இழுத்ததெல்லாம் வலிப்பு அல்ல

மரக்காணம் உப்பளத்தில், சித்திரை வெயிலில், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பாத்தி வரப்பிலேயே சாய்கிறாள் என்று வையுங்கள். கண் மேலே செருகுகிறது. கை நாலைந்து முறை வெட்டுகிறது. "வலிப்புடா, சாவிக்கொத்தை எடு!" என்று கூட இருப்பவர்கள் பதறுகிறார்கள். சில நொடிகளில் அவள் விழித்துக்கொள்கிறாள். இரும்புதான் காப்பாற்றியது என்று ஊர் நம்புகிறது. அன்றிலிருந்து அவள் 'வலிப்புக்காரி'.

இந்த நம்பிக்கை தவறு. 1994-இல் ஜெர்மனியில் லெம்பெர்ட் என்ற மருத்துவரின் குழு, ஆரோக்கியமான இளைஞர்களை வேண்டுமென்றே மயங்க வைத்து வீடியோ எடுத்தது. முழுமையாக நினைவிழந்த 42 பேரில் 38 பேருக்குக் கைகால் வெட்டியது. பெரும்பாலானோரின் கண்கள் திறந்தே இருந்தன. மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்தாலே உடம்பு அப்படித் துடிக்கும். சாவி வந்து சேர்வதற்குள் அது தானாக அடங்கியும் விடும்.

உப்பளத்தில் மயக்கம் வராவிட்டால்தான் அதிசயம். வெக்கையில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீர் போகிறது, நின்றுகொண்டே வேலை. ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று பெண்கள் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள், பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதாகக் கண்டார்கள்.

வெட்டியதா என்று மட்டும் கேட்காதீர்கள்; விழுவதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேளுங்கள். கண் இருட்டி, காது அடைத்து, முகம் வெளுத்து விழுந்தவர் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்து பேசினால் பெரும்பாலும் மயக்கம். உடம்பு விறைத்து, ஒரே தாளமாக ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து, நாக்கின் ஓரம் கடிபட்டு, எழுந்த பிறகும் வெகுநேரம் ஆள் தெரியாமல் விழித்தால் வலிப்பைச் சந்தேகிக்கலாம். சிறுநீர் போவது இரண்டிலும் உண்டு. உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, 108-ஐ அழையுங்கள்.

மயங்கியவரைத் தூக்கி உட்கார வைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தீங்கு. மூளைக்கு ரத்தம் ஏறாமல் இழுப்பு நீளும். நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. கனமான வேலையின் நடுவிலோ படுத்திருக்கும்போதோ நினைவிழந்தவருக்கு இதயக் கோளாறு இருக்கலாம், ஈ.சி.ஜி. எடுக்காமல் விடக் கூடாது. இவருக்கு வலிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பினால் உயிருக்கே ஆபத்து.

உண்மையிலேயே வலிப்பு உள்ளவரையும் ஒதுக்க நியாயமில்லை. இந்து திருமணச் சட்டமே 1999-இல் வலிப்பைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நம் பெண் பார்க்கும் படலம் மட்டும் இன்னும் நீக்கவில்லை.

மேஸ்திரிமார்களே, அடுத்த முறை யாராவது விழுந்தால் சாவி தேட வேண்டாம். ஒருவர் காலை உயர்த்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். அந்த வீடியோவை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்.