ஓசூர் ஜில்லுனுதானே இருக்கு, சன்ஸ்கிரீன் எதுக்கு?

"சென்னை மாதிரியா இங்க கொதிக்குது? நம்ம ஊருக்கு எதுக்குங்க சன்ஸ்கிரீன்?" ஓசூரில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயமாகத் தோன்றும். ஆனால், கணக்கு தப்பு.

உடம்பு உணர்கிற சூடு வேறு, தோலைக் கருக்குகிற புற ஊதாக் கதிர் வேறு. தெர்மாமீட்டர் இந்தக் கதிரைக் காட்டாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். லேசான மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுக்காது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஓசூரின் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஏப்ரலில் குடை தேடுகிற நாம், ஆகஸ்டில் சும்மா கிளம்பிவிடுகிறோம்.

எண் என்ன சொல்கிறது?

செல்போன் வானிலை செயலியில் 'யுவி இன்டெக்ஸ்' பாருங்கள். 2 வரை கவலையில்லை. 3 முதல் பாதுகாப்பு தேவை. 6, 7 அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-க்கு மேல் அபாயம். செயலி இல்லையா? உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம்.

எதை, எப்போது போடுவது?

எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும். 50 சுமார் 98 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். அதிக விலைக்கு மயங்க வேண்டாம். டியூபில் 'பி.ஏ.+++' இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கண்ணாடி வழியாகவும் வரும் யு.வி.ஏ. கதிருக்கான அளவு அது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கு இது முக்கியம்.

காலை 6 மணி ஷிப்டுக்குப் போகும்போது பூசுவதில் பயனில்லை. 2 மணிக்கு வெளியே வருவதற்கு 15 நிமிடம் முன்பு, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்தில் பூசுங்கள். வெளியிலேயே வேலை என்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

கட்டுப்படியாகுமா?

இங்கேதான் சிக்கல். அப்படி ஒரு நாளைக்கு 3 முறை பூசினால் 50 கிராம் டியூப் இரண்டு, மூன்று வாரத்தில் காலி. கட்டடத் தொழிலாளியும், ரோஜாத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் பெண்ணும், அத்திப்பள்ளி தாண்டி பைக்கில் பார்சல் கொண்டுபோகிறவரும் இதற்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு முழுக்கை சட்டை, அகலத் தொப்பி, துப்பட்டா, கண்ணாடிதான் முதல் சன்ஸ்கிரீன். மூடாத இடத்துக்கு மட்டும் கிரீம் போதும். நம் கருந்தோலுக்கு இயற்கையாகவே ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால், மங்கும் கண்புரையும் நிறம் பார்த்து வருவதில்லை.

கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஊர்வாரியாக யுவி அளவை வெளியிடுகிறது. 2025 மார்ச்சில் குளுகுளு மூணாறுக்கே எச்சரிக்கை வந்தது. தமிழக அரசும் ஓசூர், கிருஷ்ணகிரிக்கு இப்படி அறிவிக்கலாம். தொழிற்சாலைகள் அந்த எண்ணை வாசல் பலகையில் எழுதிவைத்து, 8-ஐத் தாண்டும் நேரத்தில் வெளிவேலையை நிழலுக்கோ மாலைக்கோ மாற்றலாம். ஹெல்மெட், பூட்ஸ் போல தொப்பியும் பாதுகாப்புச் சாதனம்தான். அதைத் தொழிலாளி தன் கைக்காசில் வாங்கட்டும் என்று விடுவது சரியல்ல.