நேர்முகத் தேர்வில் நோக்க வேண்டியது



பர்கூரில் 1994-ஆம் ஆண்டு அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பெற்றது. சிப்காட் தொழிற்பேட்டையும் அங்குண்டு. அப்பகுதிச் சிற்றூர்ப் பிள்ளைகள் இன்று அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் பணி நாடி, ஓசூர், பெங்களூர் வரை நேர்முகத் தேர்வுக்குச் செல்கின்றனர். கணினியை நன்கு அறிந்திருந்தும், ஆங்கிலத்தில் தடுமாறியதால் வெறுங்கையோடு திரும்புவோர் அவர்களுள் உண்டு.

தேர்வு நடத்துவோர்க்கு ஒரு சொல். இப்பணிக்கு வேண்டுவன யாவை? கணினி இயங்கவில்லையெனில் மின்னிணைப்பை முதலில் சோதிக்கும் ஒழுங்கு. பழுதுக்கு முன் என்ன செய்தீர்கள் என்று கனிவோடு கேட்கும் பொறுமை. எதையும் அழிக்குமுன் கோப்புகளுக்குப் படியெடுத்து வைக்கும் முன்யோசனை. பிறர் கோப்புகளைத் துருவிப் பாராத நேர்மை. சரளமான ஆங்கிலம் இவற்றுக்குச் சான்றாகாது. பழுதான கணினியொன்றை முன்வைத்து, செய்வதைத் தாய்மொழியில் விளக்கச் சொல்லுங்கள். உண்மைத் திறன் வெளிப்படும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், தொழிலாளரிடம் அவர்தம் மொழியில் பேச வல்லவர் நிறுவனத்துக்குப் பெருந்துணையன்றோ? ஆங்கிலம் தேவையே, அதைப் பணியில் சேர்ந்த பின்னும் கற்கலாம். நேர்மையை அவ்வாறு கற்பிப்பது அரிது.

இளைஞர்காள்! விடை தெரியாதபோது புனைந்துரைக்காதீர்கள். தெரியாது என்று பணிவோடு கூறி, எவ்வழியில் கண்டறிவீர்கள் என்பதையும் விளக்குங்கள். அதுவும் நல்ல விடையே.

எலியாபின் உயரத்தைக் கண்டு, இவனே தகுதியுள்ளவன் என்று சாமுவேல் எண்ணினார். ஆண்டவரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதைத் தேர்ந்தார். தேர்வு மேசையில் அமரும் கிறிஸ்தவர் இதனை மறவாதிருப்பாராக.