நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வராதது ஏன்?

புது தில்லி: அரசுத் துறைகளில் நடக்கும் முறைகேடுகளை அம்பலப்படுத்துவோர் மீது பொதுமக்களுக்குப் பரிவு இல்லை என்று கூற முடியாது. ஆனால் அந்தப் பரிவு பெரும்பாலும் இறுதி ஊர்வலத்தின்போதுதான் வெளிப்படுகிறது.

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகள் குறித்து அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்கு 2002-ல் கடிதம் எழுதியவர், தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே. தனது விவரங்களைத் தனித் தாளில் எழுதி, அதை ரகசியமாக வைத்திருக்குமாறு கேட்டிருந்தார். எனினும் அக்கடிதம் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27-ல் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்களின் செயல் என்று சிபிஐ கூறியதை அவரது குடும்பத்தினர் ஏற்கவில்லை.

நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு, உச்ச நீதிமன்றத்தின் தலையீடு ஆகியவற்றைத் தொடர்ந்து 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் வழங்கப்பட்டது. ஆயினும் அது நிர்வாகத் தீர்மானமே. புகார்தாரரின் பெயரை வெளியிடும் அதிகாரியைச் சிறைக்கு அனுப்பும் வலிமை அதற்கு இல்லை.

அந்த வலிமையைத் தருவதற்கான மசோதா 2010-ல் அறிமுகமாகி, 2011 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது. அது அண்ணா ஹசாரே இயக்கம் உச்சத்தில் இருந்த காலம். பின்னர் மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்து, 2014 பிப்ரவரி 21-ல், 15-வது மக்களவையின் கடைசி அமர்வு நாளில், அவசரமாக நிறைவேற்றப்பட்டது. அரசு கொண்டுவர விரும்பிய திருத்தங்களைச் சேர்த்தால் மசோதா மீண்டும் மக்களவைக்குச் செல்ல வேண்டும், அதற்கு நேரமில்லை. மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் அளித்தார்.

பெயரை வெளியிடுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது அச்சட்டம். வேண்டுமென்றே பொய்ப் புகார் தருவோருக்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அது நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கடந்தும் அந்த அறிவிக்கை வரவில்லை. விடுபட்ட திருத்தங்கள் தேவை என்பதே அரசுத் தரப்பின் விளக்கம்.

2015-ல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதாவோ சட்டத்தின் உயிரையே எடுப்பதாக இருந்தது. நாட்டின் பாதுகாப்பு, அமைச்சரவை ஆவணங்கள், வணிக ரகசியம் உள்ளிட்ட 10 வகைத் தகவல்களைப் புகாரில் குறிப்பிட அது தடை விதித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்ட விலக்குகளை ஒட்டியே இப்பட்டியல் என்ற வாதம் பொருந்தாது. அச்சட்டத்தின்கீழ் தரப்படும் தகவல் ஊரறியச் செல்வது; இங்கு தகவல் செல்வது உரிய அதிகார அமைப்பிடம் மட்டுமே. அந்த அமைப்பையும் நம்ப முடியாதென்றால் புகாரை யாரிடம் தருவது? மாநிலங்களவையில் நிலுவையில் இருந்த அந்த மசோதா, 2019-ல் 16-வது மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.

இவ்விஷயத்தில் எந்தக் கட்சியும் மற்றொன்றைக் குறைகூற இயலாது. அம்பலப்படுத்துபவர் மேலதிகாரிக்குத் தொல்லை, சக ஊழியருக்குக் காட்டிக்கொடுப்பவர். உத்தரப் பிரதேசத்தில் 2005-ல் கொல்லப்பட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தின் வழக்கில் அவருடன் படித்தவர்கள் விடாமல் துணை நின்றனர். குற்றவாளிகள் தண்டனை பெற்றனர். சட்டத்தின் அமலாக்கத்தைக் கோரி அத்தகைய விடாப்பிடியான குரல் நாடாளுமன்றத்துக்குள் எழவில்லை. அவ்வப்போது கேள்வி நேரத்தில் ஒரு வினா எழுகிறது. எழுத்து வடிவில் ஒரு பதில் வருகிறது.