இரண்டு நிமிட வைத்தியம்

அறுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர். இருபது ஆண்டுகளாக நீரிழிவு. அதனுடன் இரத்தக் கொதிப்பு. இப்பொழுது சிறுநீரகமும் தளரத் தொடங்கிவிட்டது. முழங்கால் வலி வேறு. மகன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உடன் வருகிறான். சீட்டு வாங்கி, மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்து, மருத்துவர் முன்னே அமர்ந்ததும், "என்ன செய்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் முடியுமுன் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. அடுத்தவர் பெயர் அழைக்கப்படுகிறது. இப்படி ஓர் உம்மாவோ வாப்பாவோ இல்லாத வீடு நம்மில் எத்தனை?

இது ஒருவர் இருவரின் மனக்குறை அன்று. 67 நாடுகளில் பொது மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியாயிற்று. சுவீடனில் 22.5 நிமிடம், வங்காள தேசத்தில் 48 வினாடி, இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கு ஏறத்தாழ 2 நிமிடம்.

சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் இரண்டு நிமிடம் போதலாம். நான்கு நோய்களைச் சுமந்து நிற்பவருக்கு அது போதுமா? முழங்காலைப் பார்த்தவர் வலி மாத்திரை எழுதுகிறார். அவ்வகை மாத்திரைகளுள் பல இரத்தக் கொதிப்பை உயர்த்தும். தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளர்த்தும். கொதிப்பைப் பார்ப்பவரோ அது ஏறியிருக்கக் கண்டு இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். சிறுநீரகம் தளரத் தளர நீரிழிவு மருந்தின் அளவையும் மாற்றியாக வேண்டும். அதை யார் நினைவில் வைத்திருப்பது? ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருவர் எழுதிக்கொடுக்க, இரண்டையும் விழுங்குவோரும் உண்டு. இவற்றையெல்லாம் மருத்துவர் அறியாதவர் அல்லர். ஆனால் எல்லா மாத்திரைகளையும் மேசைமேல் பரப்பி வைத்து, "இது எதற்கு? இது எப்பொழுதிலிருந்து?" என்று கேட்க நேரம் வேண்டும். அந்த நேரந்தான் அங்கே இல்லை.

ரமலான் மாதத்தை எண்ணிப் பாருங்கள். 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், முதிர்ந்த வயதில் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உடைய முஸ்லிம்களுள் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது பதினைந்து நாட்களேனும் நோன்பு நோற்றதாகத் தெரியவந்தது. அம்மாதத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோவது அவர்களிடையே ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. ஆகவேதான், நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோற்கலாமா, மருந்தின் அளவும் வேளையும் எப்படி மாற வேண்டும் என்று விரிவாகப் பேசிக்கொள்ள வேண்டும் என வல்லுநர்கள் வற்புறுத்துகின்றனர். இதை இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்க எவரால் இயலும்?

"வெளியே இருநூறு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு அரைமணி கொடுத்தால் மற்றவர் கதி என்ன?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. எல்லோருக்கும் அரைமணி வேண்டுமென்று யார் சொன்னார்? பல நோய் உடையவருக்கு மட்டும், வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள் என்பதே நம் கோரிக்கை. ஒரு முறை தீரக் கேட்காததால் அவர் பத்து முறை வருகிறாரே, அந்த நேரத்தை யார் கணக்கில் சேர்த்தார்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில், ஏழைகள் மிகுந்த இடங்களில் இத்தகைய நோயாளிகளுக்கு 30 முதல் 45 நிமிடம் வரை ஒதுக்கிப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான், எனினும், செலவுக்கு ஏற்ற பலன் உண்டென்றே 2016இல் வெளியான அதன் முடிவு சொல்லிற்று. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது, பாராட்ட வேண்டியதே. ஆனால் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கலாம். மருத்துவரின் செவியை அப்படிக் கொண்டுவர இயலுமா?

குற்றம் மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை, நம்மிடமும் உண்டு. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத நாம், பொறுமையாகக் கேட்டு, "இந்த மூன்று மாத்திரை வேண்டாம், நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லும் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க மனங்கோணுகிறோம். நம் ஜமாஅத்துகளும் சங்கங்களும் இலவச மருத்துவ முகாம் நடத்துகின்றன. "ஒரே நாளில் ஐந்நூறு பேருக்குச் சிகிச்சை" என்று பெருமையுடன் அறிவிக்கின்றன. நான்கு மருத்துவர், ஆறு மணி நேரம், ஐந்நூறு பேர்! வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு மூன்று நிமிடங்கூடத் தேறாது. அரசு மருத்துவமனையின் குறையையே நாமும் பந்தல் போட்டு நடத்துகிறோம்.

அடுத்த முகாமை வேறு விதமாக நடத்துவோமே! அதே நான்கு மருத்துவர், அதே ஆறு மணி நேரம், ஆனால் பல நோயால் வாடும் நாற்பத்தெட்டுப் பேர் மட்டும், ஆளுக்கு அரைமணி. வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரட்டும். விவரம் தெரிந்த ஒருவர் துணைக்கு வரட்டும். சுவரொட்டியில் எண்ணிக்கை குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும்! தன் நோயை முதல் முறையாக முழுவதும் சொல்லி முடித்த நிம்மதியோடு வீடு திரும்பும் மூதாட்டியின் முகத்துக்கு எந்தச் சுவரொட்டி ஈடாகும்?