நாலு கொப்ளினும் ஒரு பொய்யும்

போன செமஸ்டர்ல ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் ஒரு பொய் சொன்னேன். "கொப்ளின் விட்ட அம்பு உன் தலைக்கு மேலால போயிருச்சு" என்றேன். உண்மையில அது போகல. பகடையில 20 விழுந்திருந்தது. அம்பு நேரா அவளுடைய மந்திரவாதி நெஞ்சிலதான் பட்டிருக்கணும்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: நாங்க விளையாடினது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ரெண்டு பேரும் சேர்ந்து வெளியிட்ட விளையாட்டு. ஒருத்தர் கதையை நடத்துவார், அவர் டி.எம். மற்றவங்க ஆளுக்கொரு பாத்திரமா அந்தக் கதைக்குள்ள நடப்பாங்க. வெட்டினது பட்டதா, பாய்ஞ்சது சரிவந்ததா எல்லாத்தையும் இருபது முகப் பகடை சொல்லும். அடிப்படை விதிகள் இணையத்தில இலவசமாவே கிடைக்குது. எங்க கிட்ட அந்தப் பகடை இல்ல, போன்ல ஒரு ஆப் இருக்கு. ஒரு கொப்பி, நாலு பேனை, கென்டீன் ப்ளேன்டீ. செலவு அவ்வளவுதான்.

இதில சண்டைக்கு வைச்ச பேர் ‘என்கவுண்டர்’. நம்ம காதுக்கு அது தமிழ்ப் படத்துப் பொலிஸ் வேலை மாதிரிக் கேக்கும். அதனால நான் மோதல் என்றே சொல்றேன். டி.எம். ஆக இருக்கிற எல்லாருக்கும் தலையிடி இந்த மோதல்தான். லேசா வைச்சா எல்லாரும் கொட்டாவி விடுவாங்க. கடினமா வைச்சா முதல் நாளே நாலு பேரும் செத்து, அடுத்த கிழமை ஆள் வராது.

இதுக்குக் கணக்கு இருக்கு என்று புத்தகம் சொல்லுது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு சவால் எண் குடுத்தது. 2014 பதிப்பில கணக்கு இன்னும் விரிவு. ஒரு கொப்ளினுக்கு 50 புள்ளி. நாலு கொப்ளின் 200. கூட்டமா வந்தா ஆபத்து கூட என்பதால அதை ரெண்டால பெருக்கணும், 400. முதலாம் மட்டத்து வீரர் நாலு பேருக்கு 400 என்றால் ‘உயிராபத்து’. அதே கணக்கில ரெண்டு கொப்ளின் மட்டும் வந்தா ‘லேசு’. ரெண்டு கூடினதும் லேசு உயிராபத்தா மாறுது!

இப்ப 2024இல் வந்த புத்தகத்தை எடுங்க. பெருக்கல் இல்ல. நாலு கொப்ளினுக்கு 200 புள்ளிதான், அதே நாலு பேருக்கு அது ‘குறைந்த’ சிரமம். கொப்ளின் அதே, ஆட்கள் அதே, கம்பனியும் அதே. பத்து வருஷ இடைவெளியில ஒரு புத்தகம் சாவு என்றுது, மற்றது சும்மா என்றுது. நான் அண்டைக்கு வைச்சது இந்த நாலு கொப்ளினைத்தான்.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லல. ஒரு முறைக்கு எத்தனை அடி விழும் என்று பார்க்க அது உதவும். நாலு பேருக்கு எதிரா ஒரு பெரிய அரக்கன் தனியா நின்றால் நாலு அடிக்கு அவனுக்கு ஒரு அடி. நாலு சின்னவன் நின்றால் நாலுக்கு நாலு. ஆனா கணக்குக்குத் தெரியாத சாமான் நிறைய இருக்கு. எந்த இடம், யார் களைச்சிருக்கிறாங்க, திரும்பிப் போக வழி இருக்கா, வரப்போறது என்னவென்று முன்கூட்டியே தெரியுமா?

இதைப் புத்தகத்தை விட எங்க கெம்பஸுக்குப் பக்கத்து ஊர் நல்லா சொல்லித் தரும். பேராதனைப் பூந்தோட்டத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொருவ. 1638 மார்ச்சில போர்த்துக்கேயத் தளபதி தியோகோ த மெலோ த காஸ்ட்ரோ பெரிய படையோட கண்டிக்குள்ள நுழைஞ்சார். ஊர் காலி. ரெண்டாம் ராஜசிங்கன் நகரத்தை விட்டுட்டு விலகிட்டான். படை ஊரைக் கொளுத்திட்டு வெற்றி என்று நினைச்சுத் திரும்பிச்சு. வழியில மகாவலிக் கரையில, கன்னொருவயில, சுத்தி வளைக்கப்பட்டது. தப்பினவங்க மிகச் சிலர்.

டி.எம். கண்ணால பாருங்க. போகும்போதும் திரும்பும்போதும் அதே படை, அதே எதிரி. சவால் எண் போட்டா ரெண்டு தடவையும் ஒரே விடைதான் வரும். மாறினது களைப்பு, மலை, ஆறு, அடைபட்ட வழி. ராஜசிங்கன் ஆள் கூட்டிச் சண்டையைக் கடினமாக்கல. இடத்தையும் நேரத்தையும் தெரிவு செய்தான். அதோட, தோக்கக்கூடிய இடத்தில நிற்காம முதல்ல விலகத் தெரிஞ்சவனும் அவன்தான்.

எங்க மேசைகள்ல இல்லாதது இந்த விலகல். மோதல் வந்தா முடியும்வரை சண்டை என்று பழகிட்டோம். ஆனா பழைய விதிகள் அப்படியில்ல. எதிர்ப்படுறது சண்டைக்கு வருதா, பேச்சுக்கு வருதா என்று பார்க்க 1974லேயே ரெண்டு பகடை உருட்டுவாங்க. 1981 பேசிக் புத்தகத்தில ஒவ்வொரு மிருகத்துக்கும் 2 முதல் 12 வரை மனவுறுதி எண் இருக்கு, அது குலைஞ்சா ஓடிரும். கொப்ளினுக்கும் உயிர் மேல ஆசை இருக்கும் தானே?

இனி என் பொய்க்கு வாறேன். அந்த மந்திரவாதியை வைச்சிருந்தவள் முதலாம் வருஷம், நுவரெலியாப் பக்கம். வகுப்பில வாய் திறக்க மாட்டாள். இந்த மேசையில மட்டும்தான் சத்தமாச் சிரிப்பாள். உயிர்ப்புள்ளி 7, அம்பு குடுத்த சேதம் 11. இவள் விழுந்தா இனி வரமாட்டாள் என்று பயந்தேன். அதனாலதான் தவறிட்டு என்றேன்.

ஆட்டம் முடிஞ்ச பிறகு அடுத்த நாள் நேரம் குறிக்க என் போனை வாங்கினாள். ஆப் திறந்தே இருந்திச்சு. உருட்டின எல்லா எண்ணும் வரிசையா அதில நிக்கும். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, இது எனக்கு விழுந்தது தானே?"

நான் ஒன்றும் சொல்லல.

"நான் விழுந்திருந்தா இவங்க தூக்கிருப்பாங்க தானே அக்கா?"

விதிப்படி அவள் சொன்னதுதான் சரி. பூச்சியத்துக்கு வந்தவுடனே யாரும் சாகிறதில்ல. மயங்கித்தான் விழுவாங்க. பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. மூன்று தடவை தவறினாத்தான் சாவு. அதுக்குள்ள மற்றவங்க ஓடிவந்து காப்பாத்தலாம். நான் அவளுடைய தோல்வியை மட்டும் எடுக்கல, அவளைத் தூக்கிட்டு ஓடியிருக்கக்கூடிய மூன்று பேரின் கதையையும் சேர்த்து எடுத்திட்டன். அதோட, ‘இவளுக்குத் தோல்வி தாங்காது’ என்று அவளைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன். எங்களில பலருக்கு இது வெளியில தினமும் நடக்கிறது. மேசையிலயும் நானே செய்தேன்.

மறுபக்கமும் கேட்டிருக்கிறேன். "கதைதான் முக்கியம், பகடை இல்ல" என்பாங்க. 2014 டி.எம். புத்தகமே மறைவில உருட்டினா தேவைப்பட்ட இடத்தில மாத்தலாம் என்று இடம் விடுது. அடிக்கடி செய்யாதீங்க, வெளியில தெரியவிடாதீங்க என்று எச்சரிக்கவும் செய்யுது. தெரிஞ்சா கெட்டுப்போகும் என்றால் அது எப்படி அவங்களுக்கு நல்லதாகும்? மோதலைப் பிழையா வைச்சது நான். அதை வெளிப்படையாச் சரிபண்ண எத்தனையோ வழி இருந்திச்சு: ரெண்டு கொப்ளின் செத்தவுடனே மற்ற ரெண்டும் ஓடலாம், தலைவன் பணம் கேட்டுப் பேரம் பேசலாம், "நான் கூட வைச்சிட்டன், மன்னிக்கணும்" என்று வாயால சொல்லலாம்.

அடுத்த சனிக்கிழமை முதல் போனை மேசை நடுவில வைச்சு உருட்டினேன். ஒரு கணவாய், அதுக்குள்ள ஓகர். கணக்குப்படி 450 புள்ளி, எங்க ஆட்களுக்குக் கூட. ஆனா முன்னாலேயே காட்டினேன்: முறிஞ்ச மரம், மாட்டு எலும்பு, மனுஷன் அளவைத் தாண்டின கால்தடம். யாழ்ப்பாணத்து நண்பன் உடனே "உது வேண்டாம், திரும்பிப் போவம்" என்றான். அவள்தான் கேக்கல. ஒரு அடி, 13 சேதம். விழுந்தாள். மூன்று பேரும் அவளை இழுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஓடினாங்க. ஓகர் கரையில நின்று கத்திச்சு. அண்டைக்கு யாரும் வெல்லல.

இறங்கி பஸ் எடுக்கப் போகும்போது கலஹா சந்திவரைக்கும் அவள் ஓகரை எப்படி மடக்கலாம் என்றே பேசிட்டு வந்தாள். நான் ஒரு யோசனையும் சொல்லல.