அடங்க வேண்டியது எந்த ஊர்?

பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனா நகரத்தில் ஓர் ஊரடங்கு இருந்தது. பிற்பகல் 3 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரை மகர்களும் மாங்குகளும் நகர வாயிலுக்குள் இருக்கக்கூடாது. அந்த நேரங்களில் வெயில் சாய்ந்திருக்கும், நிழல் நீளும், நீண்ட நிழல் பார்ப்பனர்மீது பட்டுத் தொலைக்கும் என்பதுதான் காரணம். சமூகவியலாளர் குர்யே தன் நூலில் பதிவு செய்திருக்கும் செய்தி இது. நிழல் விழுவதே அன்றைக்குச் சமூக விரோதச் செயல்!

இன்றைய தடையாணைகளில் எந்தச் சாதியின் பெயரும் இருக்காது. 'சட்டம் ஒழுங்கு', 'பொது அமைதி', 'சமூக விரோதிகள்' என்ற சொற்கள்தான் இருக்கும். ஆனால் இவையும், இன்னார் இன்ன குற்றம் செய்தார் என்று ஓர் ஆளின்மீது போடப்படுபவை அல்ல. ஓர் இடத்தின்மீதும் ஒரு நேரத்தின்மீதும் போடப்படுபவை. ஊர் என்றும் சேரி என்றும் இடத்தையே சாதியாகப் பிரித்து வைத்திருக்கும் நாட்டில், இடத்தின்மீது போடப்படும் ஆணை யார்மீது போய் விழும் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 11 தியாகி இம்மானுவேல் சேகரனின் நினைவு நாள். அக்டோபர் 30 தேவர் குருபூசை. இந்த நாள்களை ஒட்டி ஆண்டுதோறும் 144 போடுவது அங்கே வாடிக்கையாகிவிட்டது. பிரிவு எண் மாறியிருக்கிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. வழக்கம் மாறவில்லை. 144 என்பது கூட்டம் கூடத் தடைதான், முழு ஊரடங்கு அல்ல என்று சட்டம் படித்த தோழர்கள் திருத்துவார்கள். தாளில் சரி. சாலைக்குச் சாலை சோதனைச் சாவடியும் கேள்வி கேட்கும் லத்தியும் நிற்கும் மாவட்டத்தில், சேரி இளைஞனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஆணைகளோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். வாடகை வாகனத்தில் வரக்கூடாது, டிராக்டரில் வரக்கூடாது, இருசக்கர வாகனத்தில் வரக்கூடாது. சொந்த வாகனத்தில், அனுமதிச் சீட்டு வாங்கி, சொன்ன வழியில் வர வேண்டும். இரண்டு விழாவுக்கும் ஒரே விதி, பாகுபாடே இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். சொந்தக் கார் யார் வீட்டு வாசலில் நிற்கிறது? நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டு வேன் பிடித்துத்தான் அஞ்சலி செலுத்த வர முடியும். அந்த வேனைத் தடுத்துவிட்டு இருவருக்கும் சமநீதி என்பது, மாளிகையில் இருப்பவனும் நடைபாதையில் படுக்கக்கூடாது என்று சட்டம் போடுவதைப் போன்றது.

'இரு தரப்பினர் மோதல்' என்ற சொல்லாட்சிதான் இதற்கெல்லாம் அடித்தளம். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார் இம்மானுவேல் சேகரன். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் 'தரப்பு' என்று எழுதத் தொடங்கியவர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. 2011 செப்டம்பர் 11 அன்று அதே பரமக்குடியில், நினைவு நாளுக்கு வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனைக் கைது செய்ததைக் கண்டித்து மறியல் செய்தவர்கள்மீது காவல்துறை சுட்டது. 6 தலித்துகள் இறந்தார்கள். ஊர் முழுக்கக் காவலர்கள் குவிக்கப்பட்டிருந்த நாளில், அமைதி காக்க வந்தவர்களின் துப்பாக்கியால் நடந்த சாவுகள் அவை.

2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நடந்ததும் இதே கதைதான். திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விடமாட்டோம் என்றது ஆதிக்க சாதி. வருவாய்த்துறை என்ன செய்தது? கோயிலைப் பூட்டி சீல் வைத்தது. நுழைய உரிமை உள்ளவனும் வெளியே, தடுத்தவனும் வெளியே. தடுத்தவனுக்கு அதில் என்ன நட்டம்? அவன் கேட்டதே அதுதானே!

தென்மாவட்டங்களின் ஆதிக்க சாதி இளைஞர்களுக்கும் இதில் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் குடும்பத்து ஆண்கள் இரவானால் காவலர் பிடியில் கணக்குக் கொடுத்துப் படுக்க வேண்டியிருந்தது. கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மாயக்காள் உள்ளிட்ட பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறப்பைக் குற்றமாக்கி இரவைப் பூட்டிய அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. அதன் மூளை ஒழியவில்லை. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. இன்றும் எங்காவது திருட்டு நடந்தால் குறவர் குடிசையையும் இருளர் குடிசையையும் நள்ளிரவில் தட்டுகிறார்கள். தாத்தாவின் கைரேகைக் கதையை மேடையில் முழங்குகிறவர்கள், பக்கத்துச் சேரியின் இரவைப் பூட்டச் சொல்லி மனுக் கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரி, ஊரடங்கால் குற்றமாவது குறைகிறதா? அமெரிக்க நகரங்களில் சிறுவர்களை இரவில் வெளியே வராமல் தடுக்கும் ஊரடங்குகள் பல்லாண்டுகளாக இருக்கின்றன. அவைபற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த கேம்ப்பெல் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு, குற்றம் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றே முடிவு சொன்னது. வியப்பில்லை. தெருவில் ஆள் இல்லாவிட்டால் சாட்சியும் இல்லை. நம் ஊரில் சேரி தாக்கப்படுவது எப்போது? எல்லோரும் கதவடைத்துக்கொண்ட பிறகுதானே.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: தடை போடாமல் இருந்து வெட்டுக்குத்து நடந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. பதில் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 17ஆவது பிரிவு, வன்கொடுமை நடக்கக்கூடும் என்று தகவல் வந்தாலே முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுக்க ஆட்சியருக்கும் காவல் அதிகாரிக்கும் அதிகாரம் தருகிறது. 10ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று அரசு கண்டறிந்த இடத்தில், குற்றம் செய்யக்கூடிய ஆளை அங்கிருந்து வெளியேற்றச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிடலாம்; 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 3 ஆண்டுகள் வரை. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி அங்குள்ள ஆதிக்க சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம். தேவைப்பட்டால் தலித்துகளுக்கு உரிமம் தரலாம். 16ஆவது பிரிவு கூட்டு அபராதத்துக்கும் வழி செய்கிறது. கூட்டுத் தண்டனை எதுவும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஏற்கெனவே கூட்டுத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கும் சேரிக்கு இந்தப் பிரிவைக் காட்டாமல் மறைப்பது அயோக்கியத்தனம்.

ஆளைப் பார்த்து, செயலைப் பார்த்துப் போடும் இந்தப் பிரிவுகள் அலமாரியில் தூங்குகின்றன. ஊரைப் பார்த்துப் போடும் 144 மட்டும் ஆண்டு தவறாமல் விழித்துக்கொள்கிறது. ஏன்? முதலாவதற்கு ஓர் ஆதிக்க சாதிக்காரரின் பெயரைத் தாளில் எழுத வேண்டும். அவர் கட்சிக்காரராக இருப்பார், ஒப்பந்ததாரராக இருப்பார். இரண்டாவதற்கு யார் பெயரும் எழுத வேண்டாம். மீறினான் என்று பிடிக்கும்போது பெயர் தானாக வந்துவிடும். அந்த வழக்கு, காவலர் தேர்வு எழுதிக் காத்திருக்கும் பையனின் நன்னடத்தைச் சரிபார்ப்பில் வந்து நிற்கும்.

காரணத்தைச் சரிவர எடைபோடாமல் திரும்பத் திரும்ப இத்தகைய ஆணை பிறப்பிப்பது அதிகார முறைகேடு என்று உச்ச நீதிமன்றமே 2020 ஜனவரியில், காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே சட்டம் நம் பக்கம்தான். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடப் பத்து ரூபாய் போதும். உங்கள் மாவட்டத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் 144 எத்தனை முறை, எந்தெந்தக் கிராமங்களில் போடப்பட்டது? மீறியதாக எத்தனை பேர்மீது வழக்கு, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அதே காலத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவில் எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள், எத்தனை துப்பாக்கி உரிமங்கள் ரத்தாயின? பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்தால், அடுத்த தடையாணை வருவதற்குள் அந்த எண்களோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவோம்.