ஆறாவது கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை

உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வெளியானதும் பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங் வேலை கூடிவிடும். விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரும் கட்டின் மேல்தாளில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, தெரிந்த மொழிகள் இருக்கும். அடுத்த பக்கங்களில் பட்டங்கள் வரும். அதற்குப் பின் பத்து ஆண்டுகளில் கலந்துகொண்ட கருத்தரங்குகள், பயிலரங்குகள், ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகள், 2020 ஊரடங்கின்போது ஒரு விநாடி வினாவுக்கு விடை எழுதியதற்காக மின்னஞ்சலில் வந்த இ-சான்றிதழ்கள் என்று எதுவும் விடுபடாது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது, அதில் அவர் புதிதாக என்ன கண்டறிந்தார் என்பதை அறிய அந்தக் கட்டு முழுவதையும் புரட்டினாலும் ஆய்வேட்டின் தலைப்பு ஒன்றுதான் கிடைக்கும். கனம் கூடினால் வாய்ப்பும் கூடும் என்ற நம்பிக்கை நம் கல்விப்புலத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நடைமுறையில் உள்ள விதியிலேயே ஆதாரம் கிடையாது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய அதில் நூறு மதிப்பெண்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. இளநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண், மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. அதாவது ஐந்து கட்டுரைகளோடு கணக்கு முடிந்தது, ஆறாவது கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. கல்லூரிப் பணி என்றால் கட்டுரைகளுக்கு மொத்தமே 6 மதிப்பெண்தான், மூன்றாவது கட்டுரையிலேயே கதவு மூடிவிடும். கற்பித்தல் அனுபவத்துக்கும் ஆண்டுக்கு 2 வீதம் 10 வரைதான். பதினைந்து ஆண்டு கௌரவ விரிவுரையாளராக உழைத்தவரும் ஐந்து ஆண்டு உழைத்தவரும் இந்த அட்டவணையில் சமம் என்பது வேதனையான விஷயம், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும் என்றும், தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலில் வெளிப்படும் திறனைப் பொறுத்தது என்றும் அதே விதிமுறை சொல்கிறது. ஆக, நாற்பது கட்டுரைப் பட்டியல் வாசலிலும் உதவுவதில்லை, உள்ளே போன பிறகும் தானாக எந்த மதிப்பெண்ணையும் வாங்கித் தருவதில்லை. நேர்காணல் அறையில் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் ஒருவரை எடைபோட வேண்டிய நிபுணர்களுக்கு அந்தக் கட்டு ஓர் இடையூறு, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்துக்கு விண்ணப்பதாரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஏபிஐ என்ற புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தபோது, ஓர் ஆசிரியரின் பணி வாழ்க்கையை எண்களாக உடைத்துக் கூட்டிவிடலாம் என்று அரசே அறிவித்தது. புள்ளி கிடைக்கும் என்றால் அதை விற்கவும் ஆள் வருவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சில நாட்களில் கட்டுரை வெளியிடும் ‘சர்வதேச’ இதழ்கள் முளைத்தன. ஐஎஸ்பிஎன் எண்ணோடு தலையணை கனத்தில் வெளிவரும் கருத்தரங்கத் தொகுப்புகள் பெருகின. அங்கீகரிக்கப்பட்ட இதழ்கள் என்று மானியக் குழு வெளியிட்ட பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் அதுவே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்த்த இதழ்களை ஆராய்ந்து அதே ஆண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை ஒன்று, அவற்றில் 88 சதவீதத்துக்கு மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்றது. அடுத்து வந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டு, சில அளவுகோல்களைப் பரிந்துரைத்து, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமுமே விட்டுவிட்டது. இதழின் பெயரைப் பார்த்தே கட்டுரையின் தரத்தை முடிவு செய்யும் குறுக்குவழி இனி இல்லை. கட்டுரையைப் படித்துத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் படிக்க எந்தத் தேர்வுக் குழுவுக்கும் நேரம் இருக்காது. அப்படியானால் எதைப் படிப்பது என்று அவர்களுக்குச் சொல்வதுதான் சிவி எனப்படும் தன்விவரக் குறிப்பின் முதல் வேலை.

இதைப் பிற நாடுகளின் ஆய்வு அமைப்புகள் முன்பே உணர்ந்துவிட்டன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஆய்வு நிதி கேட்போரின் தன்விவரக் குறிப்பை 2015இல் மாற்றியமைத்தன. அறிவியலுக்குச் செய்த பங்களிப்புகள் என ஐந்தை மட்டும் விளக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக நான்கு வெளியீடுகள் வரை காட்டலாம், மொத்தம் ஐந்து பக்கம் என்று வரையறுத்தன. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2019இல் முன்வைத்த மாதிரி இன்னும் ஒரு படி மேலே போய், அறிவுக்கு என்ன சேர்த்தீர்கள், யாரை வளர்த்தெடுத்தீர்கள், ஆய்வுச் சமூகத்துக்கும் பொதுச் சமூகத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று நான்கு கேள்விகளாகவே குறிப்பை அமைத்தது. இவை ஆசிரியர் நியமனத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அடிப்படை நமக்கும் பொருந்தும். விண்ணப்பதாரர் தம் வேலைகளில் சிறந்தவை எவை என்று தாமே தேர்ந்து சொல்ல வேண்டும், அந்தத் தேர்வே அவருடைய கல்வித் தீர்ப்பின் முதல் சான்று. எது தம்முடைய நல்ல கட்டுரை, எது புள்ளிக்காக எழுதியது என்று பிரிக்கத் தெரியாதவர் நாளை மாணவரின் ஆய்வேட்டை எப்படி மதிப்பிடுவார்?

சிவியில் அப்படித் தேர்ந்து காட்டும் ஐந்து வெளியீடுகளின் கீழே ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று வரி போதும். என்ன கேள்வியை எடுத்துக்கொண்டார், என்ன விடை கிடைத்தது, அதில் தம் பங்கு என்ன. இந்த மூன்றாவதை நம் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. ஏழு பேர் பெயரோடு வந்த கட்டுரையில் ஆய்வகச் சோதனையைச் செய்தவர் யார், தரவைப் பகுத்தவர் யார், எழுதியவர் யார் என்பது பட்டியலைப் பார்த்தால் தெரியாது. உயிரியலில் ஆய்வுக் குழுத் தலைவரின் பெயர் கடைசியில் வருவதுதான் வழக்கம். கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசையில் பெயர்கள் வரும். குழுவில் உட்கார்ந்திருக்கும் வேற்றுத்துறைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பதாரர்தான் சொல்ல வேண்டும். அதேபோல வெளிவந்தது, ஏற்கப்பட்டது, அனுப்பியிருப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் காட்டுவது நாணயம். ‘கம்யூனிகேட்டட்’ என்று அடைப்புக்குறியில் போட்டு, அனுப்பியதையும் அச்சானவற்றோடு கலந்து எண்ணிக்கையைக் கூட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வரி பொய் என்று குழுவுக்குப் பட்டுவிட்டால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். கருத்தரங்கில் கட்டுரை வாசித்ததையும் பார்வையாளராக உட்கார்ந்திருந்ததையும் ஒரே பட்டியலில் போடுவதும் இந்த ரகம்தான்.

எண்ணிக்கை எதைத் தவறவிடுகிறது என்பதைப் பார்க்க மொழி, கலைத் துறைகளின் பக்கம் போக வேண்டும். 2018 விதிமுறைகளில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் பணிகளுக்குப் பயன்படும் ஆய்வு மதிப்பெண் அட்டவணை வேறு. அதில் மொழி, கலைத் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண். ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8. மூன்று ஆண்டு உட்கார்ந்து ஒரு நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், பத்துப் பக்கக் கட்டுரை எழுதியவரைவிட இரண்டு மதிப்பெண் குறைவு. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துச் செய்யும் பதிப்பு வேலைக்கு இந்த அட்டவணையில் தனி வரியே கிடையாது, நூல் தொகுப்பாசிரியர் என்ற இடத்தில்தான் அதை ஒட்டவைக்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அப்படிப் பதிப்பித்தபோது உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அத்தகைய உழைப்பு செய்தவர்கள் இன்றும் தமிழ்த் துறைகளில் இருக்கிறார்கள். எத்தனை சுவடிகளைப் பார்த்தேன், முந்தைய பதிப்பில் இல்லாத எது என் பதிப்பில் இருக்கிறது என்று எழுத இடம் கொடுக்கும் சிவிதான் அவர்களைக் காட்டும். கற்பித்தலும் அப்படியே. அனுபவம் எட்டு ஆண்டு என்பது ஒரு தகவல், அவ்வளவே. எந்தப் பாடங்களை எந்த நிலை மாணவர்களுக்கு நடத்தினார், எந்தப் பாடத்திட்டத்தை எழுதினார் அல்லது மாற்றினார், அரியர் வைத்திருந்த மாணவர்களுக்காக என்ன செய்தார் என்பதில்தான் ஆசிரியர் தெரிவார்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று. நம் நாட்டில் எண்ணிக்கை என்பது வெறும் சோம்பேறித்தனம் அல்ல, அது ஒரு கேடயம் என்பார்கள். சிபாரிசும் பணமும் சாதியும் நியமனங்களில் விளையாடும் இடத்தில், யாரும் மறுக்க முடியாத மதிப்பெண்தான் பின்புலம் இல்லாதவருக்குத் துணை, ‘தரம்’, ‘பங்களிப்பு’ என்று பேச ஆரம்பித்தால் வேண்டியவரை உள்ளே கொண்டுவருவது சுலபமாகிவிடும் என்பது வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கேடயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் நேர்காணல் வாசல் வரைதான் கூட வருகிறது. தேர்வு நடக்கும் அறைக்குள் அது இல்லை, அங்கே பேசப்பட்டதற்குப் பெரும்பாலும் எழுத்துத் தடயமும் இல்லை. மாறாக, விண்ணப்பதாரர் ஐந்து வேலைகளைத் தேர்ந்து காட்டியிருக்கிறார், அவற்றைப் படித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் காரணம் எழுதித்தான் குழு முடிவெடுக்க வேண்டும் என்று வைத்தால், மேல்முறையீட்டிலும் நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்ட ஏதாவது இருக்கும். இடஒதுக்கீட்டை இது தொடுவதே இல்லை. எந்தப் பிரிவுக்கான இடம் என்பது விளம்பரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது, கேள்வி அந்தப் பிரிவுக்குள் யார் என்பதுதான்.

இன்னொரு மறுப்பு, இப்படி எழுதச் சொன்னால் ஆங்கிலத்தில் சரளமாகத் தற்பெருமை பேசுபவர்களுக்கே சாதகம் என்பது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளும், தம் வேலையைத் தாமே புகழக் கூச்சப்படும் பெண்களும் பின்தங்குவார்கள் என்ற கவலை உண்மையானது. அதற்குத் தீர்வு கேள்விகளைக் குறுகலாக வைப்பது. ‘உங்கள் சிறப்புகளை விவரிக்க’ என்று கேட்டால் அலங்காரம் வரும். ‘இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்தது என்ன, ஐம்பது சொற்களில்’ என்று கேட்டால் தகவல் வரும். தமிழில் எழுதவும் அனுமதிக்கலாம். இன்றைய முறை பெண்களுக்கு நியாயமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் போன ஆண்டுகள் எண்ணிக்கைப் பட்டியலில் காரணம் சொல்லாத வெற்றிடமாகத் தெரிகின்றன. பணியில் இடைவெளி விட்ட பெண் விஞ்ஞானிகளுக்கென்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தனித் திட்டமே கொண்டுவந்தது. அந்த இடைவெளியை ஒரே வரியில், வருத்தம் தெரிவிக்காமல், சிவியிலேயே எழுதிவிடுவது நல்லது.

எதையாவது விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடுமே என்ற அச்சமும் இருக்கிறது. இணைப் பேராசிரியருக்கு ஏழு வெளியீடுகளும் ஆய்வு மதிப்பெண் 75உம், பேராசிரியருக்குப் பத்து வெளியீடுகளும் 120உம் குறைந்தபட்சம் என்று விதி இருக்கும்போது முழுப் பட்டியலும் தேவைதான். அதைப் படிவத்திலும் இணைப்பிலும் கொடுக்கட்டும். சாதிச் சான்று, பிறந்த தேதி எல்லாம் போக வேண்டிய இடமும் அந்தப் படிவம்தான். சிவி வேறு ஆவணம், அதை யாராவது படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுவது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறவர்கள் திருமண நிலை, தந்தை பெயர், ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை’ என்ற உறுதிமொழி ஆகியவற்றை எடுத்துவிடலாம். அங்கே பெரும்பாலும் அவற்றைக் கேட்பதில்லை.

மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிமுறைகள் புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது வகை ‘குறிப்பிடத்தக்க பங்களிப்பு’களில் குறைந்தது நான்கைக் காட்ட வேண்டும் என்றன. துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளை முன்னிட்டுத் தமிழ்நாட்டில் அந்த வரைவுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது, சட்டப்பேரவை அதைத் திரும்பப் பெறக் கோரி ஜனவரி 9 அன்று தீர்மானமும் நிறைவேற்றியது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அந்தச் சச்சரவில் ஆசிரியர் மதிப்பீடு பற்றிய பகுதி அதிகம் பேசப்படாமலே போனது. அதிலும் குறை இருக்கிறது. ‘குறிப்பிடத்தக்க’ என்பதை யார், எந்தக் காரணத்தை எழுதிவைத்து முடிவு செய்வது என்று கறாராக வரையறுக்காவிட்டால் மேலே சொன்ன சிபாரிசு அச்சம் மெய்யாகிவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள அட்டவணை யாருக்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்கிறதே தவிர, விண்ணப்பத்தோடு கூடுதலாக இரண்டு பக்கம் கேட்பதைத் தடுக்கவில்லை. அடுத்த விளம்பரத்தின் படிவத்திலேயே அந்த இரண்டு பக்கத்தைச் சேர்க்கலாம். சிறந்த ஐந்து வேலைகள், ஒவ்வொன்றிலும் சொந்தப் பங்கு, நடத்திய பாடங்கள், அவ்வளவுதான். குழு உறுப்பினர்களுக்கு அந்த ஐந்தின் முழுப் பிரதிகளை நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால், அறைக்குள் உரையாடலை ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்க வேண்டியிருக்காது.